ஒத்திகை பார்த்த வீடு

பாரியிடம் வயதைக் கேட்டால் பல்லைக் காட்டுவான். சிரிக்கிறான் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவன் பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். விருத்தாசலம் ஜங்ஷனில் நின்ற பாசஞ்சர் வண்டியின் இருக்கைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தவனை ரயில்வே போலீஸார் தூக்கி வந்தபோது, அவனிடம் ஒரு டவுசரும் பாதி பிஸ்கட்டும் இருந்தன. பிறந்த தேதி இல்லை. அரசு மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி, சந்தையில் மாடு பார்ப்பவரைப் போலக் குனிந்து பார்த்து, நாலு வயது என்றார். தேதி என்று ஒன்று வேண்டுமே என்பதற்காக, அவர் பல்லைப் பார்த்த நாளையே பிறந்த நாளாகப் போட்டுவிட்டார்கள். தன்னைப் பற்றிய முதல் உண்மையே உத்தேசக் கணக்காக அமைந்த ஒருவன், மற்ற உண்மைகளைக் கொஞ்சம் தாராளமாகக் கையாண்டால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

பெயரும் அப்படித்தான். சேர்த்துக்கொண்ட குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளருக்குத் தமிழ்ப் பற்று உண்டு. அந்த வருடம் பெயர் தெரியாமல் வந்த பையன்களுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களை வரிசையாக வைத்தார். நம் ஆள் முதலில் வந்ததால் பாரி. வள்ளல்கள் ஏழு பேரோடு தீர்ந்துபோக, எட்டாவதாக வந்தவனுக்கு ரமேஷ் என்று வைத்தார். ஓரி, காரி என்ற பெயர்களோடு வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த ரமேஷைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

பதினோரு வயதில், அதாவது பல் கணக்கில் பதினோரு வயதில், அவனை வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். தத்து அல்ல. தத்தென்றால் பிள்ளை உங்களுடையது. இது அப்படியில்லை, பிள்ளை அரசாங்கத்துடையது, சோறு உங்களுடையது. வீட்டுக்காரர் கருப்பன், ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மனைவி பெரியம்மாள், செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் சாமான்களைச் சூளைக்குப் போகுமுன் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கும் வேலை. குழந்தை இல்லை. பாரி அவளைப் ‘பெரிம்மா’ என்று கூப்பிட்டான். அது அவள் பெயராகவும் இருந்தது, உறவாகவும் இருந்தது. எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்யும் சிரமம் அவனுக்கு மிச்சம். அந்தக் கணக்கில் கருப்பன் தானாகவே பெரியப்பா ஆனார்.

வந்த வாரமே ஒரு விபரீதம் நடந்தது. கருப்பனின் அக்கா ஆதிலட்சுமி, அடுத்த தெருக்காரி, வாழைப்பழச் சீப்பு வைத்த பையோடு பையனைப் பார்க்க வந்தாள். அவள் வாசற்படியில் கால் வைத்ததும் பாரி எழுந்து கையைக் கட்டி நின்று சொன்னான்:

“வணக்கமுங்க. சாப்பாடு நல்லா இருக்குதுங்க. யாரும் அடிக்கலைங்க. தெனமும் குளிக்கிறோமுங்க.”

இல்லத்துக்கு யார் வந்தாலும் சொல்லப் பழகிய பாடம் அது. பையோடு வருகிறவர்கள் எல்லோரும் பார்வையிட வருகிறவர்கள் என்பது அவன் அறிவு. ஆதிலட்சுமிக்கு அது தெரியாது. கேட்காமலே ஒரு பையன் ‘யாரும் அடிக்கவில்லை’ என்கிறான் என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் தன் தம்பி ஊரான் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கிறான் என்ற செய்தி மூன்று தெருவைத் தாண்டிவிட்டது. வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்திராத கருப்பன் ஒரு மாதம் தலை குனிந்து ஆட்டோ ஓட்டினார்.

பாரியை நல்லவன் என்று சொல்லிவிட அவசரமில்லை. கெட்டவன் என்று சொல்ல அவசரப்பட்டவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். பதினாறு வயதில் அவன் செய்தது இது: கடலூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் காலையில் ஸ்டேஷன் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போவார். பாரி அதை எடுத்துக்கொண்டு வேப்பூருக்குப் போவான். நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டா சாப்பிடுவான். லாரிகளை வேடிக்கை பார்ப்பான். திரும்பி வந்து, செலவான பெட்ரோலைப் போட்டு, எடுத்த இடத்திலேயே நிறுத்துவான். இது அவன் கணக்கில் திருட்டு இல்லை. சும்மா நிற்கிற ஒன்றைச் சும்மா நிற்காமல் பார்த்துக்கொண்டது. மூன்றாவது முறை, பைக்குக்குச் சொந்தக்காரர் காய்ச்சலோடு பாதியிலேயே திரும்பி வந்து, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பாரி வந்து இறங்கினான்.

“அண்ணே, பின் டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு. அடிச்சிட்டேன்.”

பைக் போனதைக்கூட அவர் மன்னித்திருப்பார். டயரைப் பற்றிச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அனுப்பப்பட்ட இடத்துக்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். யார் யாரைக் கூர்ந்து நோக்குவது என்று பெயரில் இல்லை. பாரி நோக்கினான். மேஜைக்கு எதிரில் நின்றபடியே, அதிகாரி எழுதுவதைத் தலைகீழாகப் படிக்கக் கற்றுக்கொண்டான். எழுதுகிற பேனா எப்போது வேகம் பிடிக்கிறது, எப்போது தயங்குகிறது என்பதை வைத்தே தீர்ப்பை ஊகிப்பான். பள்ளிக்கூடம் கற்றுத் தராத இந்தப் படிப்பு அவனுக்கு நன்றாகவே வந்தது. சில மாதங்களில் வெளியே வந்தான்.

நிஜமான ஜெயில் பத்தொன்பதில் வந்தது. கம்மாபுரம் பக்கம் ஒரு பைக் காணாமல் போனது. பைக் என்றதும் போலீஸாருக்குப் பாரி ஞாபகம் வந்தது. பழைய முகம் என்பது ஒரு வசதி. புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை. அன்று அவன் தான் வேலைக்குச் சேர்ந்திருந்த தொழிற்பேட்டைக் கம்பெனியில் களிமண் கூழை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தான் என்று சொன்ன சாட்சிகளின் கையெல்லாம் களிமண்ணாக இருந்ததால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஒன்றரை மாதம் உள்ளே இருந்தான்.

பெரியம்மாள் அப்போது இரண்டு இடத்தில் வழக்கு நடத்தினாள். ஒன்று கோர்ட்டில், இலவசச் சட்ட உதவி வக்கீலை வைத்து. இன்னொன்று மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில். அங்கே சாமிக்கே பிராது எழுதிக் கட்டுவார்கள். குறையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ‘பைக்கை எடுத்தவன் யாரோ அவனைப் பிடி, எடுக்காதவனை விடு’ என்று பெரியம்மாள் எழுதிக் கட்டினாள். உண்மையான ஆள் வேறொரு ஊரில் மாட்டினான். பாரி விடுதலையானான். யார் வெளியே கொண்டுவந்தது என்பதில் இன்றைக்கும் வீட்டில் தகராறு உண்டு. வக்கீல் என்பார் கருப்பன். வக்கீலுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது யார் என்பாள் பெரியம்மாள். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத வாதம்.

ஜெயிலைப் பற்றி அவன் சொல்லும் கதைகளில் பாதி கலப்படம். கலப்படமில்லாத ஒன்று இது. மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் கம்பி வலைக்கு இந்தப் பக்கம், உள்ளே இருப்பவர்கள் அந்தப் பக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. முதல் தடவை வந்த பெரியம்மாள் வலையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கத்தினாள். பாரிக்கு விளங்கவில்லை. அவள் ஏதோ பெரிதாக, தாங்க முடியாததாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற கைதிக்குக் காது கூர்மை.

“தம்பி, நீலச் சட்டைய எங்க வெச்சேன்னு கேக்கறாங்க.”

“பெட்டிக்குப் பின்னாலன்னு சொல்லுங்கண்ணே.”

அந்தக் கைதி கத்த, அடுத்தவர் கத்த, வரிசை முழுக்க நீலச் சட்டை போய்ச் சேர்ந்தது. அன்றிரவு பாரி நிம்மதியாகத் தூங்கினான். துவைத்து வைக்கத்தான் கேட்கிறாள் என்றால், திரும்பி வருவான் என்று நினைத்திருக்கிறாள்.

திரும்பி வந்தான். ஆனால் எந்தக் கணக்கில் வந்தான் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. வளர்ப்புப் பராமரிப்பு பதினெட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் மகன் இல்லை, வாடகைக்காரன் இல்லை, விருந்தாளியும் இல்லை. யாரும் போ என்று சொல்லாததால் இருந்தான். அலமாரியில் அவனுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தும் துணிகளைப் பையிலேயே வைத்துக்கொண்டான். காலையில் தொழிற்பேட்டைக்குப் போய் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளில் அச்சு இணைந்த இடத்து ஓரக்கோட்டைச் சுரண்டுவான். ஒரு முறை சிரிக்கும் புத்தர் பொம்மை ஒன்றுக்கு மட்டும் முதலாளியின் மீசையை வரைந்து சூளைக்கு அனுப்பிவிட்டான். சுட்ட பிறகு அழியாது. முதலாளி ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டு, பொம்மையை மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வயதில் இப்படி அவன் பாட்டுக்கு இருந்தபோதுதான், பெரியம்மாள் இன்னொரு பிள்ளையை வாங்கி வளர்க்க மனுச் செய்தாள். இனியா என்று பத்து வயதுப் பெண். இல்லத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பெரியம்மாளுக்கு வேறு பேச்சில்லை. வீட்டைப் பார்க்க அதிகாரி வரும் தேதியும் வந்தது.

செய்தி கேட்டு ஆதிலட்சுமி வந்தாள். பாரி பின்பக்கம், தவணையில் வாங்கிய தன் சொந்த பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா கருப்பா, புத்தி கெட்டுப் பூடுச்சா? ஜெயிலுக்குப் போனவன் இருக்கற வூட்டுல பொட்டப் புள்ளயக் குடுப்பாங்களா?”

“மெதுவாப் பேசுக்கா. பின்னால இருக்கறான்.”

“கேக்கட்டும்னுதான் பேசறேன்.”

பாரி கேட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் விசேஷம். சொன்னது நியாயமாகவே பட்டது. தான் இருந்தால் இனியா வர மாட்டாள். இனியா வர வேண்டுமென்றால் தான் இருக்கக் கூடாது. பெரிம்மாவுக்கு அந்தப் பெண் வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அதிகாரி வரும் நாளில் தான் அந்த வீட்டில் இல்லாதவனாகிவிடுவது, உத்தரவு வந்ததும் கம்பெனியிலேயே தங்கிவிடுவது என்று தீர்மானித்தான். இதைப் பெரியப்பாவிடம் மட்டும் சொல்லி, சத்தியமும் வாங்கிக்கொண்டான். பெரிம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கரண்டி பறக்கும்.

போவதற்கு முன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. பார்வையிட வருகிறவர்களை அவனைப் போல அறிந்தவர் அந்தத் தெருவில் இல்லை. வீட்டைத் தயார் செய்ய உட்கார்ந்தான். சட்டைப் பையில் பேனா குத்தி, பெரியம்மாளின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலிலிருந்து அதிகாரியாகவே உள்ளே வந்தான்.

“ஆபீசர் வந்தா மொதல்ல எங்க போவாங்க?”

“சாமி படத்தப் பாப்பாங்க” என்றார் கருப்பன்.

“பாத்ரூமுக்குப் போவாங்க பெரியப்பா. பக்கெட்டு எப்படி இருக்குதுன்னு பாப்பாங்க. அப்பறம் தண்ணிக் கொடத்துக்கு மூடி இருக்குதான்னு.”

பெரியம்மாள் உடனே துடைப்பத்தை எடுத்தாள்.

“அதிகமாத் தொடைக்காத பெரிம்மா. ரொம்ப சுத்தமா இருந்தா சந்தேகம் வரும். ஒரு செருப்பு கோணலா கெடக்கட்டும்.” பிறகு பேனாவை நீட்டினான். “ஏம்மா, உங்களுக்கு எதுக்குப் பொண்ணு?”

“வூட்டுல கைவேலைக்கு ஒரு தொணையா...”

“செத்தோம். வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு எழுதிக்குவாங்க.”

“அப்ப இன்னாடா சொல்றது?”

“கொழந்தை படிக்கணும், வெளயாடணும், எங்களால முடிஞ்சதச் செய்வோம். அவ்வளவுதான். பெரியப்பா, நீங்க ‘சொந்தப் பொண்ணு மாதிரி’ன்னு ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க.”

“வேற எந்த மாதிரிடா சொல்றது?”

“மாதிரியே வேணாம்.”

தினமும் ஒத்திகை நடந்தது. கருப்பன் சவாரியில் இருக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். ஒரு பயணி, மாலை போட்டிருக்கிறாரோ என்று விலகி உட்கார்ந்தார். கடைசியில் இருவரும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் அளவுக்குத் தேறினார்கள். பாரிக்குப் பெருமை தாங்கவில்லை. தப்பும் அங்கேதான் நடந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். அதுவே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதை, பார்வையிடப்பட்டே வளர்ந்தவனால் பார்க்க முடியவில்லை.

அதிகாரி வரும் காலையில், டப்பாவில் சோறு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவதாகக் கிளம்பினான். தெருமுனை வரை போனான். தன் மாணவர்கள் பரீட்சை எழுதும்போது வாத்தியாரால் வெளியே இருக்க முடியவில்லை. பெரியம்மாள் பால் வாங்கப் போன நேரம் பின்வாசல் வழியாக வந்து, கூடத்துப் பரண்மேல் ஏறி, பழைய ஃபிளக்ஸ் பேனருக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். பேனரில் ஏதோ ஒரு காதுகுத்து விழாவுக்கு அனைவரையும் அன்புடன் அழைத்திருந்தார்கள்.

அதிகாரியின் பெயர் துர்கா. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். வீட்டை அவளும் பார்க்கட்டும் என்று இனியாவையும் கூடவே அழைத்து வந்திருந்தார். ஒல்லியான பெண், எண்ணெய் வழிய வாரிய தலை, எதைப் பார்த்தாலும் அதற்கு எத்தனை பேர் போட்டி என்று கணக்குப் போடும் கண்.

துர்கா நேராகப் பாத்ரூமுக்குப் போனார். பரண்மேல் ஒருவன் புன்னகைத்தான். தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். கோணலாகக் கிடந்த செருப்பையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

“எதுக்கு ஒரு கொழந்தைய வளக்கணும்னு நெனைக்கிறீங்க?”

“கொழந்தை படிக்கணும், வெளயாடணும், எங்களால முடிஞ்சதச் செய்வோம்” என்றாள் பெரியம்மாள், சுவரைப் பார்த்து.

“தப்பு செஞ்சா?”

“அடிக்க மாட்டோம், பேசிப் புரிய வெப்போம்” என்றார் கருப்பன், கேள்வி முடியும் முன்பே.

துர்கா பேனாவை மூடினார். இதே சுருதியில் இதே பதில்களை அவர் எத்தனையோ இல்லங்களில் கேட்டவர். “நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் படிச்சுட்டு வந்தீங்களா?”

“இல்லைங்க” என்றார்கள் இருவரும் சேர்ந்து.

“முன்னாடி ஒரு பையன வளத்தீங்களே. அவர் எங்க இருக்கறாரு?”

கருப்பனுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. “கம்பெனியிலயே தங்கிக்கறானுங்க. இங்க வர்றதில்ல.”

பெரியம்மாள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பரணிலிருந்து பார்த்த பாரி பேனரை மூக்கு வரை இழுத்துக்கொண்டான்.

“சரி, அறிக்கையோட ஒரு போட்டோ வெக்கணும். எல்லாரும் இப்படி வரிசையா நில்லுங்க” என்று துர்கா செல்போனை எடுத்தார்.

வரிசை என்ற சொல் காதில் விழுந்ததும் இனியா விறைத்து நின்றாள். கை பக்கவாட்டில் ஒட்டியது. “ஒண்ணு!” என்றாள்.

கருப்பன், இதுவும் பரீட்சையில் ஒரு கேள்வி என்று நினைத்து, “ரெண்டு” என்றார். பெரியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு “மூணு” என்றாள்.

“நாலு!” என்றது பரண்.

இல்லங்களிலும் ஜெயிலிலும் ஆள் எண்ணுவது இப்படித்தான். உங்களுக்கு முன்னால் நிற்பவன் எண்ணைச் சொன்னதும் உங்கள் எண் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். ஒருவன் தாமதித்தால் மொத்த வரிசையும் முதலிலிருந்து தொடங்கும். மற்றவர்கள் அவனைப் பிறகு கவனித்துக்கொள்வார்கள். அங்கே வளர்ந்த நாக்கு சொந்தக்காரனிடம் அனுமதி கேட்பதில்லை. பாரி வாயைப் பொத்தியபோது எண் ஏற்கெனவே கூடத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இனியா மட்டும் பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக முடிந்ததில் அவளுக்குத் திருப்தி.

“எறங்குங்க” என்றார் துர்கா.

தலையெல்லாம் ஒட்டடையோடு பாரி இறங்கினான். கையில் சோற்று டப்பா.

“யாரு நீங்க?”

“பாரிங்க.”

“கம்பெனியில தங்கறவரு. பரண்தான் கம்பெனியா?”

பெரியம்மாளுக்கு வேறு கவலை. “வேலைக்குப் போறேன்னுதானடா சோறு வாங்கினு போன?”

“மேலயே சாப்பிட்டுட்டேன் பெரிம்மா.”

துர்கா சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “எங்கிட்ட பொய் சொல்ற வூட்டுல நான் கொழந்தைய விட முடியாதுங்க. வா, இனியா.”

பாரிக்கு அந்தக் கணம் வரை எல்லாமே ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. பெரியம்மாளின் முகத்தைப் பார்த்தான். ஊறவைத்த களிமண்ணைப் போல அது உருவம் இழந்திருந்தது.

“மேடம், அவங்களுக்குத் தெரியாதுங்க. பெரியப்பாவச் சொல்லச் சொன்னதும் நான்தான், பாடம் சொல்லிக் குடுத்ததும் நான்தான். நான் ஜெயிலுக்குப் போனவன். இருந்தா பொண்ணக் குடுக்க மாட்டீங்கன்னு ஒளிஞ்சேன். இன்னிக்கே போயிடறேன். பொண்ண மட்டும் விட்டுட்டுப் போங்க.”

“எங்கடா போவ?” என்றாள் பெரியம்மாள்.

“எங்கயாச்சும்.”

“எங்கயாச்சும்னா எந்த வூரு? அதுக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?”

வாசலருகே போயிருந்த இனியா நின்றாள்.

“எந்த ஜெயிலு?” என்று கேட்டாள்.

பாரி ஊரைச் சொன்னான்.

“எங்கப்பா அங்கதான் இருக்குது.”

துர்கா பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவளுடைய அப்பா வெளியூரில் வேலை செய்கிறார் என்பதுதான் அவளிடம் எல்லோரும் சொல்லிவந்தது. எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னதாலேயே அவள் அதை நம்பவில்லை போலும்.

“உள்ள ஃபேன் இருக்குதா?”

“இருக்குது. சுத்தறதும் சுத்தாததும் அதோட இஷ்டம்.”

“சோறு?”

“சாம்பார்ல பருப்ப நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும். ஞாயித்துக்கிழமை கோழி போடுவாங்க. உன்னவிட உங்கப்பா நல்லாத்தான் சாப்பிடறாரு.”

இனியா இதை யோசித்தாள். “அழுவாங்களா?”

பாரி வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கதை விடுவான். விடவில்லை. “மொத நாளு எல்லாரும் அழுவாங்க. அப்பறம் அழறவனப் பாத்துச் சிரிப்பாங்க. சிரிச்சவனும் குளிக்கும்போது அழுதுக்குவான். தண்ணியில தெரியாது இல்ல.”

“நீயும் அழுதியா?”

“எனக்குக் குளிக்கறது ரொம்பப் பிடிக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாசலிலிருந்து திரும்பி வந்து அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் கேள்விகள் வைத்திருந்தாள் என்பது தெரிந்தது.

துர்கா பையைத் தோளிலிருந்து இறக்கினார். அவர் குரலில் கனிவு ஒன்றும் கூடிவிடவில்லை. “சின்ன வயசுல நடந்த கேஸ வெச்சு யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்குது. ரெண்டாவது கேஸுல விடுதலை. ரெண்டையும் பாத்துட்டுதான் நான் கெளம்பினேன். உங்களால எனக்கு ஒரு சிக்கலும் இல்ல. உங்கள மறைச்சதுலதான் சிக்கல்.” பிறகு பெரியம்மாள் பக்கம் திரும்பினார். “இந்த வூட்டுல யார் யார் இருக்கறீங்க? பாடம் பண்ணாமச் சொல்லுங்க.”

“நான், இவரு, பாரி” என்றாள் பெரியம்மாள். “அவன் கம்பெனியில எல்லாம் தங்கலைங்க. ராத்திரி ரெண்டு தட்டு சோறு தின்றான். என் நல்ல சேலையில பைக்கத் தொடைக்கறான். கொறட்டை விட்டா தகரக் கொட்டாய் ஆடும். எதுக்கும் சொல் பேச்சு கேக்கறதில்ல.”

“உறவு என்னன்னு போடட்டும்? சட்டப்படி அவரோட பராமரிப்பு முடிஞ்சு வருஷமாச்சே.”

“நீங்க என்ன வேணா போட்டுக்கோங்க. சோறு போடறது நானு.”

துர்கா எழுதினார். பாரியின் கண் வழக்கம்போல எதிர்ப்பக்கத்திலிருந்தே எழுத்தின்மேல் மெல்ல நகர்ந்தது. துர்கா நிமிராமலே இடது கையால் காகிதத்தை மறைத்தார்.

“அடுத்த தடவை சொல்லாம வருவேன்” என்றார் போகும்போது. “இருக்கறவங்க எல்லாம் தரையில இருக்கணும்.”

அறிக்கையில் என்ன எழுதினார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு அவர்களை அழைத்துப் பேசியபோது மூன்று பேரையும்தான் அழைத்தது. ஒரு மாதிரியாக, நிறைய அலைச்சலுக்குப் பிறகு, உத்தரவு வந்தது. தான் பேசியதால்தான் தம்பி வீட்டில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது என்று ஆதிலட்சுமி மூன்று தெருவுக்கும் சொன்னாள். அதில் ஓரளவு உண்மை இருந்ததுதான் எரிச்சல்.

இனியா வந்தாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை முதல் நாளே பிடித்துக்கொண்டாள். பாரி கூடத்துக்கு மாறினான். அவள் அவனிடம் கேட்பாள், அவன் சொல்வான், எது கலப்படம் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு பேருக்கும் மீன் துண்டில் தொடங்கி பிளாஸ்டிக் நாற்காலி வரை எல்லாவற்றிலும் தகராறு. யார் பெரியவர் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை, அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பாரி கூடத்தில் சாய்ந்திருந்தான். இனியா சமையலறை வாசலில் போய் நின்று புகார் சொன்னாள்.

“பெரிம்மா, இந்த அண்ணன் கொறட்டை விடுது. என்னால படிக்க முடியல. வேற எடத்துக்கு மாத்துங்க.”

பாரிக்கு அதற்குள் விழிப்பு வந்திருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. மாற்றுவது என்ற அந்தச் சொல்லை நினைவு தெரிந்த நாள் முதல் கேட்டவன். அது சொல்லப்படும்போது மூச்சை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட அவனுக்குப் பழக்கம்.

பெரியம்மாள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. “மாத்தறதுக்கு வேற எடம் இல்ல. ரெண்டும் சண்டை போட்டுக்கினு இங்கயே கெடங்க.”

இனியா காலைத் தரையில் உதைத்துக்கொண்டு போனாள். பாரி புரண்டு படுத்து, முழு விழிப்போடு, முன்னைவிடச் சத்தமாகக் குறட்டை விட ஆரம்பித்தான்.